கரிநாக்கு

எந்த வீட்டுக்குள் போனாலும் நான் முதலில் பார்ப்பது கூரையைத்தான். உட்காரச் சொல்லிப் பாய் விரிப்பார்கள், காபி கொண்டுவந்து வைப்பார்கள், நான் அண்ணாந்து நின்றுகொண்டிருப்பேன். விரிசல் எங்கே ஓடுகிறது, மழை கசிந்து காய்ந்த தடம் எங்கே இருக்கிறது, உத்தரம் சுவரில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து முடித்தால்தான் எனக்கு உட்காரவே தோன்றும். விருந்துக்கு வந்தவள் இப்படி அண்ணாந்தால் யாருக்குப் பிடிக்கும்? "ஏன், ஒட்டடை நிறைய இருக்கா?" என்று ஒரு வீட்டுக்காரி என் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள்.

இந்தப் புத்தி எனக்குத் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரிலேயே வந்துவிட்டது. ஊரில் ஒருவர் தன் நெல் கிடங்கின் மேல் இன்னொரு மாடி எழுப்பினார். ஒரு மாடிக்கென்று போட்ட சுவர் அது. அது மழைக்காலத்தில் விழுந்தபோது என் அத்தை உள்ளே நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். திருஷ்டிப் பூசணிக்காய் கட்டவில்லை, அதனால்தான் விழுந்தது என்றார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்றார்கள். சுவரின் மேல் சுவர் ஏறியதை ஊரே நின்று வேடிக்கை பார்த்திருந்தது, ஆனால் அதைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நான் அப்போது பாவாடை கட்டிய சிறுமி. அத்தையின் மடியில்தான் தூங்குவேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

கல்யாணமாகி நான் நெய்வேலிக்கு வந்தபோது அறுபதுகள் அப்போதுதான் பிறந்திருந்தன. என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் பம்புகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் இருக்கிறதாம், விட்டால் முட்டிக்கொண்டு மேலே வந்துவிடுமாம். அதனால் ஷிப்டு ஷிப்டாக ஓயாமல் இறைத்துக்கொண்டே இருந்தார்கள். அவர் இதைச் சொன்ன நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடியில் இருக்கிற தண்ணீரையெல்லாம் எடுத்துவிட்டால் மேலே இருக்கிற நாம் எங்கே போவோம்? பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்த கோயமுத்தூர்க்கார அம்மாளும் இதையே கேட்டாள். "ஏனுங்க, ஒரு நாளைக்கு இந்த பிளாக்கே உள்ள போயிருமுங்களா?" என்றாள். எனக்கு ஒரு துணை கிடைத்த மாதிரி இருந்தது.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "ஏளா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நேத்து குழம்பு அடிப்பிடிச்சதுக்கும் பம்புதான் காரணம்னு சொல்லுவ போலிருக்கே" என்றார். குழம்பு அடிப்பிடித்தது உண்மைதான். கூடத்துச் சுவரில் முடி போல ஒரு கோடு தெரிந்தது, அது விரிசலா, சுண்ணாம்பு அடித்தவனின் மட்டையிலிருந்த நாரா என்று பார்க்கப் போய்விட்டேன். அது நார்தான்.

எங்கள் பிளாக்குக்கு எதிரே புதிதாக குவார்ட்டர்ஸ் எழும்பிக்கொண்டிருந்தது. சமையலை முடித்துவிட்டு நான் ஜன்னலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் ஒரு வீட்டுக்குக் கான்கிரீட் தளம் போட்டார்கள். மறுநாள் பார்த்தால் சித்தாள் பெண்கள் அந்தத் தளத்தின் மேல் களிமண்ணால் வரப்பு கட்டி, பாத்தி பிரித்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அதற்கடுத்த நாளும் ஊற்றினார்கள். அந்த வெயிலில் அவர்கள் ஏணியில் ஏறி இறங்குவதைப் பார்த்து மனசு கேட்காமல் நான் போய், "என்னம்மா, மேலே நாற்றா நடப்போறீங்க?" என்று கேட்டேன்.

அவர்கள் சிரித்துவிட்டார்கள். "சிமிட்டி தண்ணி குடிச்சாத்தாம்மா கெட்டியாவும். குடிக்காத காஞ்சிதுன்னா பொடியாப் பூடும்" என்றாள் ஒருத்தி. அதற்குள் கீழேயிருந்து மேற்பார்வைக்காரர், "அந்த மூலை காயுது பாரு, ஊத்து ஊத்து" என்று கத்தினார். கான்கிரீட் என்றால் காய்ந்துதான் இறுகும் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஈரத்தில்தான் இறுகும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தெரிந்துகொண்டதும் வீட்டுக்கு வந்து எங்கள் தளத்தை அண்ணாந்து பார்த்தேன். இது போதுமான அளவு குடித்திருக்குமா என்று ஒரு புதிய கவலை சேர்ந்துகொண்டது.

எங்களுக்குப் பால் கொண்டுவந்தவள் பக்கத்தில் இருக்கிற வடக்குத்து கிராமத்துக்காரி. என்னைவிட மூத்தவள், என்னைவிட வேகமானவள். வாசலில் தூக்கை இறக்கும்போதே பேச்சு ஆரம்பித்துவிடும். ஆழாக்கில் நுரை தளும்ப ஊற்றுவாள். "நுரை வேண்டாம், பால் ஊத்துங்க" என்பேன். "நொரையும் மாடு குடுத்ததுதானம்மா" என்பாள். அவள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். சுரங்கம் வந்த பிறகு புருஷன் காண்ட்ராக்டில் மண் வேலைக்குப் போனான். அவள் மாடு வைத்துக்கொண்டாள். இருவரும் சேர்ந்து ஒரு துணிச்சலான காரியத்தில் இறங்கியிருந்தார்கள்.

"மெத்த வூடு கட்டறம்மா" என்றாள் ஒரு நாள்.

"மெத்தையா? படுக்கிறதா?"

"அய்ய, இதுகூடத் தெரியலியா! மேல தளம் போட்ட வூடும்மா. எங்க தெருவுல மொத மெத்த வூடு எங்களுதுதான்."

எங்கள் பக்கத்தில் அதைத் தட்டட்டி வீடு என்போம் என்றேன். அந்தச் சொல்லைக் கேட்டு அவள் ஒரு வாரம் சிரித்தாள். மகளுக்குக் கல்யாணமாகி முதல் பிரசவத்துக்கு வரப்போகிறாள், அவளைக் கூரை வீட்டில் படுக்கவைக்கக்கூடாது, சம்பந்தி வீட்டார் கொண்டுவந்து விடும்போது மெத்தை வீட்டில்தான் விருந்து வைக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். அதன் பிறகு பாலோடு கூட வீட்டுச் செய்தியும் தினமும் வந்தது. தளத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்கக் குள்ளஞ்சாவடியிலிருந்து சவுக்கு மரம் வந்துவிட்டது. முத்தாண்டிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரி கிடைத்துவிட்டான். சிமெண்டு லேசில் கிடைக்காத காலம், அதிலும் எப்படியோ கொஞ்சம் கிடைத்துவிட்டது. தளம் போட்ட அன்று தெருவே வந்து கலவைச் சட்டி தூக்கியதாம். மறுநாள் எங்களுக்கு இலையில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். எனக்கே என் வீடு எழும்பியது போல இருந்தது.

பிறகு ஒரு சாயங்காலம் கோடை மழை கொட்டித் தீர்த்தது. காலையில் பால் ஊற்றிக்கொண்டே பெருமையாகச் சொன்னாள்.

"நேத்து மழ வந்துதே, ஒரு சொட்டு மேல படவுடலம்மா. ஓலப்பாயி, தார்ப்பாயி, வைக்கோலு, எல்லாத்தையும் போட்டு மூடிட்டம். எங்க வூட்டுக்காரரு அது மேல குந்திகினே இருந்தாரு, பாயி பறக்காம இருக்கணும்னு. போட்ட நாள்லேர்ந்து இப்பிடித்தான், கொழந்தைய பாத்துக்கறாப்பல பாத்துக்கறம். நல்லா காஞ்சி கெடக்குது."

"தண்ணியே ஊத்தலையா?"

"தண்ணியா? எதுக்கு?" அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பச்ச செவுத்து மேல யாராச்சும் தண்ணி ஊத்துவாங்களா? கரஞ்சி பூடாது?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வாழ்நாள் முழுக்க அவள் கட்டியதும் பார்த்ததும் மண் சுவர். மண் சுவருக்குப் பகையே தண்ணீர்தான். ஒரு வரி மண் வைத்து, காயவிட்டு, அதன் மேல் அடுத்த வரி வைப்பார்கள். நடுவில் மழை வந்தால் வீட்டில் இருக்கிற பாய், புடவை எல்லாவற்றையும் எடுத்துப்போய் மூடுவார்கள். மேஸ்திரி வேலையை முடித்துக்கொண்டு கிளம்பும்போது, "நல்லா பாத்துக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவர்களும் தங்களுக்குத் தெரிந்த வகையில் மிக நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அன்று அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்தது. நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், கவனிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன். இந்த முறை அவர் கேலி செய்யவில்லை. "தண்ணியே காட்டலியா?" என்று கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மறுநாள் சிவில் பிரிவில் தெரிந்த ஒருவரிடம் விசாரித்துக்கொண்டு வந்தார். ஆரம்பத்தில் காய்ந்துவிட்டால் காய்ந்ததுதானாம். இனிமேல் ஊற்றினாலும் பெரிய பிரயோசனம் இராதாம். சவுக்குக் கம்பு நிற்கிறவரை தளம் நிற்கும், அதை எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லமுடியாதாம்.

"எப்ப எடுக்கப் போறாங்க?" என்று கேட்டார்.

சம்பந்தி வீட்டார் வருவதற்கு முந்தின நாள் என்று அவளே சொல்லியிருந்தாள். அவர்கள் வருகிற நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தளத்துக்குக் கீழே தெருப் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், அதன் பிறகு ஒரு பிள்ளைத்தாய்ச்சி அங்கே பாய் போட்டுப் படுப்பாள். குட்டி போட்ட பூனை மாதிரி நான் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன். சுபகாரியம் நடக்கப்போகிற வீட்டில் போய் உன் கூரை விழும் என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருந்தால் எங்கள் ஊரில் வாயை மூடிக்கொண்டு நின்றவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

வெயில் தாழ்ந்ததும் வடக்குத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

அவளுக்கு என்னைக் கண்டதும் தலைகால் புரியவில்லை. "டவுன்சிப்பு அம்மா வந்திருக்காங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். என்னை ஏணியில் ஏற்றி மேலே கூட்டிக்கொண்டு போனாள். தளம் சுத்தமாகப் பெருக்கப்பட்டு, வெளுத்துப்போய், காய்ந்து கிடந்தது. நான் குனிந்து கொண்டை ஊசியை எடுத்து லேசாகக் கீறினேன். திருநீறு போலப் பொடி வந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ஊசி உள்ளே இறங்கியது.

"இன்னாம்மா பண்றீங்க?"

"இது இறுகவே இல்லை. கம்பை எடுக்காதீங்க. எடுத்தா விழுந்துடும்."

பட்டென்று சொல்லிவிட்டேன். பக்குவமாகப் பேச எனக்கு எப்போதும் வராது. அவள் முகம் மாறியதை இன்னும் மறக்கமுடியவில்லை. கீழே வாசலில் நின்றுகொண்டிருந்த பெண்களுக்கும் அது கேட்டுவிட்டது.

"வாயக் கழுவும்மா" என்றாள். அதுவரை நீங்கள் என்றவள் நீ என்றாள். "பொண்ணு புள்ளத்தாச்சியா வர்ற நேரத்துல, புது வூட்டுல ஏறி நின்னுகினு விழும்ன்றியே. உன் நாக்கு இன்னா நாக்கா, கரிநாக்கா?"

கரிநாக்கு என்றால் சொன்னது பலிக்கும் நாக்கு. கெட்டது சொன்னால் கெட்டது நடக்கும். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கரியைத் தோண்டிப் பிழைக்கிற ஊரிலிருந்து வந்தவள் நாக்கு வேறு எப்படி இருக்கும்? ஏணியில் இறங்கினேன். கீழே நின்ற பெண்கள் எனக்கு வழிவிட்டார்கள்.

மறுநாள் பால் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. எங்கள் பிளாக்கில் மற்ற வீடுகளுக்கெல்லாம் ஊற்றிவிட்டு எங்கள் வாசலைத் தாண்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். என் வீட்டுக்காரர் கடுங்காப்பி குடித்தார். "சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு, விடு" என்றார். விடுவதற்கு எனக்குத் தெரியாது. எனக்கு அவள்மேல் கோபம், என்மேல் கோபம், நல்லா பாத்துக்குங்க என்று ஒரே சொல்லில் வேலையை முடித்துக்கொண்ட அந்த மேஸ்திரிமேல் எல்லாவற்றையும்விடக் கோபம். எங்கேயாவது தடால் என்று சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடினேன். பெரும்பாலும் அது எதிரே கட்டடத்தில் பலகை இறக்குகிற சத்தமாக இருக்கும்.

மூன்றாவது முறை அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனபோது நான் தெருவில் இறங்கிக் கையைப் பிடித்துவிட்டேன். தூக்கில் இருந்த பால் அலம்பியது.

"உங்க தளத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டேன். எதிரே வாங்க. ஒண்ணே ஒண்ணைப் பார்த்துட்டுப் போயிடுங்க."

திமிறினாள். நான் விடவில்லை. பிளாக்கே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. எதிரே அன்றைக்கு இன்னொரு வீட்டுத் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். பலகை இடுக்குகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அண்ணாந்து அதையே பார்த்தாள். என்னிடம் கேட்கவில்லை. குடத்தோடு ஏணியில் காலை வைத்த சித்தாளைப் பார்த்து, "ஏண்டியம்மா, இன்னாத்துக்கு இத்த நனைச்சிகினு இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"குடிச்சாத்தான்க்கா கெட்டியாவும்."

"எத்தினி நாளு?"

"போதும்னு சொல்ற வரைக்கும். பச்சப்புள்ள மாதிரிக்கா அது, கேட்டுக்கினே இருக்கும்."

தூக்கைத் தரையில் வைத்துவிட்டுப் பால்காரி அங்கேயே ஜல்லிக் குவியலின்மேல் உட்கார்ந்துவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த சில சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று.

"அப்ப நாங்க அத்த தாகத்துலயே வச்சிட்டம்" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. "மழையே வந்து ஊத்திச்சே. அதுக்கும் ஓலப்பாயப் போட்டு மூடினமே."

அன்றைக்கே அவளும் புருஷனும் தளத்தின்மேல் வரப்பு கட்டித் தண்ணீர் விட்டார்கள். இனிமேல் விட்டுப் பிரயோசனமில்லை என்று எனக்குத் தெரியும். சொல்ல மனம் வரவில்லை. கம்பை எடுக்காதீர்கள் என்று மட்டும் கெஞ்சினேன். புருஷன் தலையை ஆட்டினான். அவள்தான் தவித்தாள்.

"சம்மந்தி வூட்டாரு வந்து பாத்தா இன்னா சொல்வாங்க? இன்னா இது, வூட்டுக்குள்ள சவுக்குத்தோப்பா இருக்குதேன்னு கேக்கமாட்டாங்க?"

விருந்தை வாசலில் வைக்கலாமே என்றேன். அவள் கேட்கவில்லை. மெத்தை வீட்டின் மெத்தைக்குக் கீழே உட்கார வைக்காவிட்டால் எதற்கு மெத்தை? எனக்குத் திடீரென்று தோன்றியது. "எந்த நல்ல காரியத்துக்குப் பந்தல் கால் இல்லாம இருந்துது? இதையும் பந்தல் கால்னு வச்சுக்குங்க" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பழைய சிரிப்பு தெரிந்தது.

அப்படித்தான் செய்தோம். ஒவ்வொரு சவுக்குக் கம்புக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டினோம். வாசலை ஒட்டியிருந்த கம்புகளில் வாழைமரம் கட்டினோம். வண்ணத்தாளை வெட்டிக் கம்புக்குக் கம்பு தோரணம் விட்டோம். சம்பந்தி அம்மாள் உள்ளே வந்து சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "வூட்டுக்குள்ளவே பந்தலா? எங்க பக்கம் இந்த வழக்கம் இல்லியே" என்றாள். "எங்க பக்கம் உண்டு" என்று பால்காரி கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள். பந்திக்கு உட்கார்ந்தவர்கள் கம்புகளுக்கு நடுவில் வளைந்து நெளிந்து உட்கார்ந்தார்கள். எனக்கு இலையில் என்ன வைத்தார்கள் என்றே தெரியாது. யாராவது கம்பில் சாய்ந்தால் என் கண் மேலே போனது. தாம்பூலம் வாங்கிக்கொண்டு வெளியே வந்து வெறும் வானத்துக்குக் கீழே நின்ற பிறகுதான் மூச்சு விட்டேன். பால் காய்ச்சிக் குடிபோவதை மட்டும் அன்று வைத்துக்கொள்ளவில்லை. முட்டு நிற்கிற வீட்டில் பால் காய்ச்சக்கூடாது என்று தெருவில் யாரோ சொல்லிவிட்டார்கள். மகள் பழைய கூரை வீட்டிலேயே தங்கினாள். அவளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

சம்பந்தி வீட்டார் போன பிறகு, எப்போதும் முட்டோடு இருக்கமுடியாது என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பு எடுத்தார்கள். என் வீட்டுக்காரரும் வந்தார். நான் போட்ட சண்டையில் யாரும் உள்ளே போகவில்லை. முந்தின நாளே ஒவ்வொரு கம்பின் அடியிலும் கயிறு கட்டி, கதவு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் வெளியே விட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாக இழுத்தார்கள். ஓரத்துக் கம்புகள் வந்தன. ஒன்றும் ஆகவில்லை. ஒரு கிழவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரிக்கத் தயாராக இருந்தேன். நான் சொன்னது பொய்யாகட்டும் என்று அந்த நிமிஷம் எல்லாச் சாமிகளையும் வேண்டிக்கொண்டேன். நடுக்கம்பை இழுத்தார்கள். பலகை முனகியது. பிறகு நடுத்தளம் மெல்ல வயிறு தள்ளி, பலகையோடும் மாவிலையோடும் கீழே வந்தது. சத்தம் பெரிதாகக்கூட இல்லை. கதவு வழியாகப் புழுதிதான் குபுகுபுவென்று வெளியே வந்தது.

பால்காரி சத்தம் போட்டு அழவில்லை. உள்ளே போய் ஒரு துண்டைக் கையில் எடுத்தாள். அது உதிர்ந்த புட்டு மாதிரி அவள் விரலுக்கிடையில் விழுந்தது. அதைப் பார்த்தாள், திரும்பி, கூரை வீட்டு வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தாள்.

விழுந்ததற்கு அன்றைக்கே ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஈசானி மூலை சரியில்லை. தெருவில் முதல் மெத்தை வீடு, கண் பட்டுவிட்டது. சுரங்கத்தில் தண்ணீரை உறிஞ்சுகிறார்கள், பூமி நெகிழ்ந்துவிட்டது. இந்தக் கடைசிக் காரணத்தைக் கேட்டு எனக்கே வெட்கமாக இருந்தது, அதைப் பரப்பியவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் எல்லாவற்றையும்விடப் பலமாகப் பேசப்பட்ட காரணம் என் நாக்குதான். டவுன்ஷிப் அம்மாள் வந்தாள், விழும் என்றாள், விழுந்தது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? எங்கள் பிளாக்கிலும் அந்தப் பேர் பரவிவிட்டது. புதுச் சேலை கட்டியவர்கள் என் கண்ணில் படாமல் போனார்கள். எனக்கு அழுகையாகவும் வந்தது, ஆத்திரமாகவும் வந்தது. ஒரே காரணத்தால் எந்தக் கட்டடமும் விழுவதில்லை. சிமெண்டு குறைந்தது, மணலில் மண் கலந்தது, தண்ணீர் காட்டாதது, சொல்ல வேண்டியவன் சொல்லாதது, எல்லாம் கைகோத்துக்கொண்டுதான் ஒரு தளத்தைக் கீழே இழுக்கின்றன. இவற்றில் எதையும் திருத்த யாருக்கும் அவசரமில்லை. நாக்கின்மேல் பழியைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

மேஸ்திரியும் வந்து பார்த்தான். "நான்தான் சொன்னனே, நல்லா பாத்துக்குங்கன்னு" என்றான்.

"பாத்துக்கோன்னு சொன்ன. நனைன்னு சொன்னியா?" என்றாள் பால்காரி. 

மகளுக்குக் கூரை வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது. எங்கள் வீட்டுக்குப் பால் மறுபடி வந்தது.  அறுவடை எல்லாம் முடிந்து ஒரு நாள், ஆழாக்கை ஊற்றிவிட்டு அவள் போகாமல் நின்றாள்.

"மறுபடியும் தளம் போடறம். இந்தத் தடவ வேற மேஸ்திரி. நீ வந்து பாக்கணும்."

"நானா? ஊரே என்னைக் கரிநாக்குங்குது."

"அதுக்குத்தான் கூப்புடறன். எது கொற இருந்தாலும் உன் வாயில வந்துடும். நீ ஒண்ணும் சொல்லாத இருந்தாத்தான் எனக்கு பயம்."

நான் போனேன். எதிரே கட்டுவதைப் பார்த்துப் பழகியிருந்ததால், மணலைக் கையில் தேய்த்துப் பார்த்து இதில் மண் கலந்திருக்கிறது என்றேன், மாற்றினார்கள். கம்பி பலகையோடு ஒட்டிக் கிடக்கிறது என்றேன், தூக்கிக் கட்டினார்கள். அந்தப் புது மேஸ்திரிக்கு என்னைக் கண்டாலே ஆகவில்லை. தளம் போட்ட மறுநாளே வரப்பு கட்டினாள் பால்காரி. சுரங்கத்திலிருந்து இறைத்து வாய்க்காலில் விடுகிற தண்ணீரைத் தெருப் பெண்கள் வரிசையாக நின்று குடம் குடமாக மேலே ஏற்றினார்கள். "உங்க வூட்டுக்காரரு எறைக்கிறாரு, நாங்க ஊத்தறம்" என்று ஒருத்தி சொன்னாள். மேஸ்திரி போதும் என்ற பிறகும் பால்காரி நிறுத்தவில்லை. கம்பை எடுக்க அவசரப்படவும் இல்லை.

கடைசியில் எடுத்தார்கள். இந்த முறையும் கயிறு கட்டித்தான் இழுத்தோம். நடுக்கம்பு வந்தது, கழன்று விழுந்த பலகைகளையும் கயிற்றாலேயே வெளியே இழுத்தோம். தளம் அப்படியே நின்றது. அதிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஆனால் யாரும் வாசற்படியைத் தாண்டவில்லை. தெருவே வெளியில் நின்றது. புது அடுப்பு வாசலில் காத்திருந்தது, பால் பானை பால்காரியின் கையில் இருந்தது, பேத்தி மகளின் இடுப்பில் இருந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். விழும் என்று சொன்னவள்தானே, நிற்கும் என்றும் அவளே சொல்லட்டும் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

 அத்தையின் ஞாபகம் வந்தது. மணலைப் பார்த்தேன், கம்பியைப் பார்த்தேன், ஊசியால் கீறிப் பார்த்து ஒரு பொடி உதிராததைப் பார்த்தேன், எல்லாம் பார்த்தவளுக்கே கால் வரவில்லை என்றால் இவர்கள் எப்படி வருவார்கள்? வலது காலை எடுத்து உள்ளே வைத்தேன். நடுக்கூடத்தில் போய் நின்றேன். வழக்கம்போல அண்ணாந்து பார்த்தேன். பலகையின் வரி பதிந்த சாம்பல் நிறத் தளம், அவ்வளவுதான். சொல்வதற்கு என் கரிநாக்குக்கு ஒரு குறையும் கிடைக்கவில்லை.

"பால் காய்ச்சுங்க" என்றேன்.

அவள் வந்தாள், அவளுக்குப் பின்னால் தெருவே வந்தது. அடுப்புப் பற்றியது. அந்தப் பால் பொங்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என்று நினைக்கிறீர்கள்! நான் அசையவில்லை. நான் அசைந்தால் எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். பால் பொங்கி வழிந்ததும் குலவை போட்டார்கள். பால்காரி என்னை உட்காரவைத்து, பேத்தியை வாங்கி என் மடியில் கொடுத்துவிட்டு, "உன் வாயால சொல்லிட்ட. இனி உழாது" என்றாள்.

குழந்தை தளத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. நான் குனிந்து அதன் முகத்தைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ, மேலே பார்க்க மறந்துவிட்டேன்.